முடப்பனையும் அன்றிலும்

(சவ்வாது மலையில், விடைத் திங்கள் காருவா (அமாவாசை) இரவொன்றில், பள்ளி மாணாக்கர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

    

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘நளி ஓரை’ என்பது. நளி என்பது தேளுக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர்களுள் ஒன்று. வடமொழியார் இதனை விருச்சிகம் என்பர். பன்னிரண்டு ஓரைகளுள் இஃது எட்டாவது. தனித்தமிழில் திங்கட்பெயர் வழங்குவோர் கார்த்திகையை ‘நளி’ என்று எழுதுவது, அத்திங்களில் கதிரவன் நளி ஓரையில் நிற்பதாகக் கணக்கிடுவதாலேயே ஆகும்.

ஆனால், நளித் திங்களில் வானில் நளியைத் தேடினால் காண முடியாது. கதிரவன் அதன்மேலேயே நிற்பதால், அவனோடு எழுந்து அவனோடு மறைந்துவிடும். அப்போது அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் உள்ள அறுமீன், முழுநிலாவின் அருகே மாலையில் கிழக்கே எழும். நாம் கார்த்திகை விளக்கு ஏற்றும் நாள் அதுதான். தேளைக் காண விரும்புவோர் கதிரவன் அதற்கு எதிரே செல்லும் வரை காத்திருத்தல் வேண்டும். அந்தக் காலம் இந்த விடைத் திங்களே. இன்று நிலவும் இல்லை, முகிலும் இல்லை. என் உரை முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்திற்குச் செல்வோம். தென்கிழக்கில், அந்த மலைமுகட்டுக்கு மேலே, தேள் ஏறிக்கொண்டிருக்கும். ஏட்டில் உள்ளதை நான் இங்கே சொல்கிறேன்; வானில் உள்ளதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மலைக்கும் வானத்திற்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். இம்மலையின் காவலூரில் 1968-ஆம் ஆண்டு 38 செண்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 சனவரி 6-ஆம் நாள் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு, இவ்விடத்தைத் தேர்ந்து வளர்த்த வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. அவர் அதனைக் காண இருக்கவில்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார்.

ஏன் இந்த மலை? ஊர் விளக்கொளி இல்லாத இருட்டு ஒரு காரணம். நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையில் இருப்பதால், வடவானோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம் என்பது மற்றொரு காரணம். தேளின் நெஞ்சில் உள்ள செந்நிற விண்மீன், உச்சம் அடையும்போது, நமக்கு அடிவானத்திற்கு மேல் 51 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டன் நகரத்தாருக்கோ 12 பாகைதான். தேளின் கொடுக்கு அவர்களுக்கு அடிவானத்துப் புகையில் ஒட்டிக்கொண்டே போய்விடும். உலகப் புகழ்பெற்ற நகரத்தார்க்கு வாய்க்காத காட்சி, இம்மலையில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு ஒவ்வோர் ஆண்டும் வாய்க்கிறது.

இன்னொரு செய்தி. நாம் இன்று துலை என்று தனியாகப் பிரிக்கும் கூட்டத்தைப் பழங்கிரேக்கர் தேளின் இடுக்கிக் கைகள் என்றே கொண்டனர். துலையின் இரு பெரிய விண்மீன்களுக்கு வழங்கும் அரபுப் பெயர்களுக்கு இன்றும் ‘தென் இடுக்கி’, ‘வட இடுக்கி’ என்பதே பொருள். 1977 மார்ச்சு 10-ஆம் நாள், அந்த இடுக்கிகள் இருக்கும் பகுதியில் ஒரு மங்கலான விண்மீனை உரேனசு என்னும் கோள் மறைத்தது. மறைப்பதற்கு முன்னும் பின்னும் அவ்விண்மீனின் ஒளி சிறிது சிறிது நேரம் மங்கியது. கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அன்றுதான் அறிந்தது. அமெரிக்க அறிஞர்கள் வானூர்தியில் பறந்து கண்ட அந்த ஒளிமங்கலை, நம் காவலூர் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. தேளின் பழைய கைகளுக்கிடையே நடந்த அரியதொரு நிகழ்ச்சிக்கு இந்த மலையும் சான்று நின்றது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். தமிழாசிரியனுக்கு உரிய இடம் அதுதானே!

நளியில் மூன்று நாண்மீன்களின் விண்மீன்களைக் காணலாம். தலைப்பகுதியில் வரிசையாக நிற்பவை அனுடம். நெஞ்சில் உள்ள செம்மீனும் அதன் இருமருங்கும் உள்ள இரு மீன்களும் கேட்டை. வாலும் கொடுக்கும் மூலம். அனுடம், கேட்டை என்பன அனுராதா, சேட்டா என்ற வடசொற்களின் திரிபுகள். மூலமும் அவ்வழியே வந்து வழங்குவது. இவற்றிற்குத் தமிழில் பெயரே இல்லையா? நிகண்டுகளைப் புரட்டிப் பாருங்கள். அனுடத்திற்குப் பனை என்று பெயர். கேட்டைக்குத் துளங்கொளி என்று பெயர். மூலத்திற்குத் தேட்கடை என்றும் அன்றில் என்றும் பெயர்.

இவை கண்ணால் கண்டவன் இட்ட பெயர்கள். துளங்குதல் என்றால் அசைதல், நடுங்குதல். அந்தச் செம்மீனை இன்று உற்றுப் பாருங்கள். நீரில் விழுந்த நெருப்பின் நிழல்போல நடுங்கும். தேட்கடை என்றால் தேளின் கடைப்பகுதி. வானத்தில் கொடுக்கு எங்கே இருக்கிறதோ, பெயரும் அங்கேயே இருக்கிறது.

பனை என்ற பெயருக்குச் சான்று நிகண்டு மட்டுமன்று. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில், கூடலூர் கிழார் வானிலிருந்து ஓர் எரிமீன் விழக் கண்ட இரவின் நிலையைக் கூறும்போது, ‘முடப்பனை’ என்றே இந்நாண்மீனைக் குறிக்கிறார். முடம் என்பது வளைவு. தலைப்பகுதி மீன்களை ஓலைமுடியாகவும், அங்கிருந்து வளைந்து இறங்கும் உடலையும் வாலையும் அடிமரமாகவும் கருதிப் பாருங்கள். காற்றில் சாய்ந்து வளைந்த ஒற்றைப் பனை கண்முன் நிற்கும்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு கண்டனர்? பாபிலோனியர் தேள் என்றனர், கிரேக்கர்க்கும் தேள்தான். சீனர் கிழக்கு வானத்து நாகத்தின் நெஞ்சம் என்று அச்செம்மீனைக் கூறினர். அவாய்த் தீவினர் பெரிய தூண்டில் முள் என்றனர். சாவக நாட்டார் ‘சாய்ந்த தென்னை’ என்று ஒரு பெயர் வைத்தனர். நாம் வளைந்த பனை என்றோம். அவர்கள் சாய்ந்த தென்னை என்றார்கள். யார் யாரிடமிருந்து பெற்றார் என்று நான் வழக்காட வரவில்லை. மீன் பிடித்தவன் தூண்டிலைக் கண்டான். மரத்தடியில் வாழ்ந்தவன் மரத்தைக் கண்டான். தன் வாழ்க்கையைக் கொண்டு வானத்தைப் படித்தவனே தன் மொழியில் அதற்குப் பெயர் வைக்கிறான்.

இப்போது அன்றிலுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

தேளின் கொடுக்கு நுனியில் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் நிற்கும். அவற்றிற்கு இடைப்பட்ட தொலைவு முழுநிலாவின் அகலத்தைவிடச் சற்றே மிகுதி. அவை இரண்டும் இணைந்தே ஒளிரும். சங்கப் பாட்டுகளில் அன்றில் எப்படி வருகிறது? ஆணும் பெண்ணும் பிரியாமல் இணையாகவே வருகிறது. எங்கே குடியிருக்கிறது? பனையின் மேல்! வானத்தில் ஒரு வளைந்த பனை. அதனை ஒட்டி ஓர் இணைபிரியா அன்றில். நிகண்டுகள் இவ்விரு பெயரையும் தருகின்றனவே ஒழிய, இரண்டையும் சேர்த்துக் காட்டவில்லை. சேர்த்துப் பார்ப்பது என் கருத்து. தவறென்று யாரேனும் காட்டினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால், முற்றத்திற்குச் சென்று பார்த்த பிறகு சொல்லுங்கள்.

அந்த அன்றிலுக்கு நாம் செய்தது என்ன? ‘மூலம்’ என்று பெயர் மாற்றினோம். பிறகு, ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்று ஒரு பழமொழி கட்டினோம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்றோம். எந்த அறிவால் வந்தது இது? மூலம் என்றால் வேர். நிர்மூலம் என்றால் வேரறுதல். வெறும் எதுகை விளையாட்டு! ஓசை ஒத்து வந்தது என்பதற்காக ஒரு பெண்ணின் வாழ்வை அறுத்தோம். அன்றில் என்ற பெயரையே வழங்கி வந்திருந்தால், இந்தப் பழமொழியைக் கட்டியிருக்கவே முடியாது. அன்றிலில் பிறந்தவள் இணை பிரிப்பாள் என்று எந்தத் தமிழன் சொல்வான்?

பெருமக்களே, இதனை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் அக்கையார் மூலத்தில் பிறந்தவர். இம்மலையின் அடிவாரத்துச் சிற்றூர் எங்களுடையது. கோடை இரவுகளில் களத்தில் படுத்துக்கொண்டு, எனக்குத் தேளின் தலை எது, வால் எது என்று விரல் நீட்டிக் காட்டியவர் அவர்தாம். அவர் கல்வி ஐந்தாம் வகுப்போடு நின்றது. மூன்று வீட்டார் பெண் பார்க்க வந்தனர். மூன்றாவது வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட பிறகு, பிறப்புக் குறிப்பைப் பார்த்துவிட்டு, அதனைத் திருப்பி அனுப்பிவிட்டனர். அவர்களை மட்டும் குறை கூற மாட்டேன். என் தந்தையாரே அதனை நம்பினார். ‘என் மகள் நாள் அப்படி’ என்று தலை கவிழ்ந்தார். நான்காவதாக யாரும் வரவில்லை. அக்கையார் கழனியில் இறங்கினார். நான் கல்லூரியில் படித்துப் புலவனானது அந்தக் கழனியில் அவர் சிந்திய வியர்வையால்.

அதன்பின் நான் மேடைகளில் பகுத்தறிவு பேசினேன். தமிழ்ப்பெயர் பேசினேன். என் மகனுக்குப் பெண் தேடும் காலம் வந்தது. நல்ல குடும்பத்துப் பெண்; படித்த பெண். குறிப்பில் மூலம் என்று இருந்தது. வீட்டில் உள்ளவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாய் திறவாமல் இருந்தேன். நான் நம்பவில்லை, ஆனால், ‘எதற்கு வம்பு’ என்று ஒரு நினைப்பு. அப்போது அடுக்களையிலிருந்து அக்கையார் வந்து, “தம்பி, உனக்கு உயிர்மேல் அவ்வளவு ஆசையா?” என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்தான் இன்று என் மருமகள். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்றார்களே, அந்த மாமனார்தான் உங்கள்முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்!

நீங்கள் கைதட்டுகிறீர்கள். ஆனால், இது மெய்ப்பிப்பு ஆகாது. ஒருவேளை நான் நாளையே இறந்தாலும், அதுவும் மெய்ப்பிப்பு ஆகாது. என் அகவையில் உள்ளவர்கள் இறப்பது இயற்கை. மெய்ப்பிப்பு வேண்டுமானால் கணக்கைக் கேளுங்கள்.

வானவட்டத்தை 27 சமபங்காக்கி, ஒவ்வொரு பங்கிற்கும் 13 பாகை 20 கலை என்று வைத்திருக்கிறோம். நீங்கள் பிறந்தபோது நிலா எந்தப் பங்கில் இருந்ததோ, அதுவே உங்கள் நாண்மீன். நிலா ஒரு பங்கைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே, உலகில் பிறப்போருள் 27-இல் ஒருவர் மூலத்தில் பிறக்கிறார். இன்று உலக மக்கள் 800 கோடிக்கு மேல். 27-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 30 கோடிப் பேர். அவர்களுள் பாதி பெண்கள். 15 கோடிப் பெண்களின் மாமனார்களும் காலமல்லாக் காலத்தில் மாண்டார்களா? சீனத்தும் எகிப்திலும் பெரு நாட்டிலும் மூலத்தில் பிறந்த பெண்கள் மணந்து, பெற்று, பெயரன் பெயர்த்திகளைக் கண்டு வாழவில்லையா?

இன்னொன்றும் உண்டு. நடுவணரசின் ஐந்திறக் (பஞ்சாங்க) கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டை என்று நாம் கூறும் அந்தச் செம்மீன் தானே கேட்டைப் பங்கில் இல்லை! ஒரு பாகைக்கும் குறைவான அளவில் எல்லைக்கு அப்பால், அனுடப் பங்கின் கடைசியில் நிற்கிறது. தேளின் கொடுக்கோ, சிலை (தனுசு) ஓரைக்குள் கணக்கிடப்படுகிறது. கணக்குக்காக மாந்தன் கிழித்த கோடுகள் இவை. கோடு கிழித்தது குற்றமன்று. காலத்தை அளக்க அது வேண்டும். கோட்டைக் கொண்டு குடும்பத்தைப் பிரித்ததுதான் குற்றம்.

நம் முன்னோர் கணக்கை நான் இகழவில்லை. 1825-ஆம் ஆண்டு மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த நிலா மறைப்பை, புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியர் வாரன் என்னும் ஐரோப்பிய அறிஞர்க்குக் கணித்துக் காட்டினார். எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லிக் கணித்தார். மறைப்பின் தொடக்கத்தை நான்கு நிமையப் பிழையோடு சொன்னார். இடையும் இறுதியும் அதைவிட மிகுதியாகப் பிழைத்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று முழுநிலா நின்றது எங்கே? இதே தேளின் நடுவில், துளங்கொளிக்கு அருகில். சோழியால் வானத்தை அளந்த மரபு நம்முடையது. அந்த மரபின் வழிவந்தவர்கள் நாம் அளப்பதை விட்டுவிட்டு அஞ்சுவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இங்கே ஒருவர் என்னைக் கேட்கலாம்: “புறநானூற்றிலும் எரிமீன் விழுந்தது, ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தான், அதுவும் நம்பிக்கைதானே?” ஆம், நம்பிக்கைதான். பழையது என்பதாலோ தமிழில் உள்ளது என்பதாலோ அது மெய்யாகிவிடாது. எரிமீன் என்பது காற்றில் உரசி எரியும் சிறு துகள். மணலளவே உள்ளவையும் பல. ஒவ்வோர் இரவும் விழுகின்றன. தலைவனை இழந்த புலவனின் துயரத்தைப் பாட்டில் ஏற்கிறோம். வானூலுக்கு அதனைச் சான்றாக ஏற்கமாட்டோம். அதே புறநானூற்றில், நன்மையும் தீமையும் நமக்குப் பிறரால் வருவன அல்ல என்று பாடியவர் யார்? கணியன் பூங்குன்றனார். பெயரிலேயே கணியன்! வானத்தைக் கணித்த பெயருடையவரே அதனைச் சொல்லியிருக்க, வானத்தைப் பார்த்தறியாத நாம் மீன்மேல் பழி போடுகிறோம்.

அந்தத் துளங்கொளி உண்மையில் என்ன? நம் கதிரவனைவிட ஏறத்தாழ 700 மடங்கு அகலமுள்ள செம்பெருமீன். கதிரவன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால், நம் நிலவுலகமும் செவ்வாயும் அதனுள் அடங்கிவிடும். மேனிநாட்டார் இட்ட ‘அந்தாரெசு’ என்னும் பெயரும் செவ்வாய்க்கு எதிரி என்னும் பொருளுடையது. நிறம் ஒத்திருப்பதால் வந்தது. 2017-இல் சிலி நாட்டு மலையிலிருந்து அதன் மேற்பரப்பையே வரைந்து காட்டினர் அறிஞர். அதன் ஒளி நம்மை வந்து சேர ஏறத்தாழ 550 ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு நீங்கள் காணப்போகும் ஒளி, விசயநகர வேந்தர் காலத்தில் புறப்பட்டது. உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கு முன்பே புறப்பட்ட ஒளி, உங்கள் வீட்டுப் பெண்ணின் மணநாளைக் குலைக்கவா வந்துகொண்டிருக்கிறது?

ஆகவே, இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன்.

ஒன்று: பெயரை மீட்போம். பனை, துளங்கொளி, தேட்கடை, அன்றில் என்று நம் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுப்போம். ஆனால், பெயரை மட்டும் மீட்டால் போதாது. குறிப்பில் மூலம் என்பதை அடித்துவிட்டு அன்றில் என்று தூய தமிழில் எழுதி, அதே அச்சத்தை வைத்துக்கொண்டால், நாம் காத்தது தமிழை அன்று. தமிழ்ப்பெயர் சூட்டிய மடமையை.

இரண்டு: உங்கள் வீட்டில் பெண் பார்க்கும் நாளில், குறிப்பைக் கேட்குமுன் இந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எதற்கு வம்பு’ என்று வாய் மூடி இருக்காதீர்கள். நான் வாய் மூடி இருந்தவன்; அதனால் சொல்கிறேன். நம்புகிறவர் சொல்லால் முறிந்த மணங்களைப் போலவே, நம்பாதவர் வாய் மூடியதால் முறிந்த மணங்களும் உண்டு.

மாணவச் செல்வங்களே, விளக்குகளை அணையுங்கள். பெற்றோர்களே, எழுந்து வாருங்கள். என் அக்கையாரும் இன்று வந்திருக்கிறார், பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தலை எது, வால் எது என்று என்னைவிட அவர் நன்றாகக் காட்டுவார். தலையும் நெஞ்சும் இப்போதே தெரியும்; வால் முழுதும் முகட்டைத் தாண்ட இன்னும் சிறிது நேரம் ஆகும். பொறுத்திருந்து அந்த அன்றில் இணையைக் கண்டுவிட்டு வீடு திரும்புங்கள்.